கடிகாரத்தோடு ஒரு பந்தயம்: தேசிய டைம் ட்ரையல் சைக்கிள் சாம்பியன்ஷிப்பில் ஜெயிப்பது காலா, காசா?

2022 ஜனவரி 24 அன்று கொலம்பியாவில் பயிற்சியில் இருந்த சைக்கிள் வீரர் எகான் பெர்னால், நின்றிருந்த பேருந்து ஒன்றின் பின்புறத்தில் மோதினார். மணிக்கு 60 கி.மீ.க்கும் மேல் வேகம். முதுகெலும்பு, தொடை, முழங்கால், விலா என சுமார் 20 எலும்பு முறிவுகள். நுரையீரலிலும் காயம். 2019-இல் 22 வயதில் டூர் டி பிரான்ஸை வென்று, அந்தப் பட்டத்தை லத்தீன் அமெரிக்காவுக்கு முதன்முதலில் கொண்டுபோனவர் அவர். அன்று அவர் மறுபடி நடப்பாரா என்பதே கேள்வியாக இருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரியில் அவர் மீண்டும் ஒரு போட்டியில் முதலிடம் பிடித்தார். அது டூர் டி பிரான்ஸோ, இத்தாலியின் ஜிரோவோ இல்லை. கொலம்பியாவின் தேசிய டைம் ட்ரையல் சாம்பியன்ஷிப். அடுத்த சில நாட்களில் தேசிய ரோடு ரேஸ் பட்டத்தையும் சேர்த்து வென்றார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. விபத்து நடந்தபோது பெர்னால் ஓட்டிக்கொண்டிருந்தது டைம் ட்ரையல் சைக்கிள். மீண்டு வந்து முதலில் ஜெயித்ததும் அதே வகை சைக்கிளில்தான். அப்படி என்ன போட்டி இது? ஏன் அதற்கென்று தனி வண்டி? ஒவ்வொரு நாட்டிலும் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் இந்த ஒருநாள் போட்டிக்கு வீரர்கள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்?

டைம் ட்ரையல் அப்படின்னா என்ன?

சிம்பிளாகச் சொன்னால், தனியாக ஓட்ட வேண்டும், கடிகாரம் மட்டும்தான் போட்டியாளர். வீரர்கள் ஒரு நிமிடம் அல்லது இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகச் சரிவு மேடையிலிருந்து புறப்படுவார்கள். எல்லோருக்கும் ஒரே பாதை, ஒரே தூரம். குறைந்த நேரத்தில் முடித்தவர் சாம்பியன். அவ்வளவுதான்.

சாதாரண ரோடு ரேஸில் நூறு பேருக்கு மேல் கூட்டமாகப் போவார்கள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருகிறவர் அந்த மறைவில் சக்தியை மிச்சம் பிடிப்பார். கடைசி 200 மீட்டர் வரை ஒளிந்திருந்துவிட்டு ஜெயிக்கவும் முடியும். டைம் ட்ரையலில் அதற்கு வழியில்லை. முன்னால் புறப்பட்டவரை நீங்கள் எட்டிப் பிடித்தாலும், பக்கவாட்டில் குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட்டுத்தான் தாண்ட வேண்டும். தாண்டப்பட்டவர் உங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு வரவும் கூடாது. 25 மீட்டர் தள்ளியே வர வேண்டும்.

ஸ்ட்ராவா ஆப்பில் ஏதாவது ஒரு செக்மென்ட்டில் உங்கள் நண்பரின் நேரத்தை முறியடிக்கத் தனியாக மூச்சிரைக்க மிதித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் டைம் ட்ரையல் ஓட்டியவர்தான். சாட்சிக்கு ஆளில்லை, சாக்குச் சொல்லவும் ஆளில்லை. இந்தப் போட்டிக்கு ‘உண்மையின் ஓட்டம்’ என்று பட்டப்பெயர் வந்ததும் அதனால்தான்.

எப்போது, எப்படி நடக்கிறது?

ஐரோப்பிய நாடுகளில் பெரும்பாலும் ஜூன் கடைசி வாரம். டூர் டி பிரான்ஸ் தொடங்குவதற்குச் சற்று முன். வார நடுவில் டைம் ட்ரையல், வாரக் கடைசியில் ரோடு ரேஸ் என்பது வழக்கமான ஏற்பாடு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கொலம்பியா போன்ற நாடுகள் ஜனவரி, பிப்ரவரியிலேயே முடித்துவிடும்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. வருஷம் முழுக்க வீரர்கள் தங்கள் நிறுவன அணிகளுக்காக ஓட்டுகிறார்கள். தேசிய சாம்பியன்ஷிப்பில் கோடிகளில் சம்பளம் வாங்கும் நட்சத்திரமும், வார நாட்களில் அலுவலகம் போய்விட்டு விடியற்காலையில் பயிற்சி எடுக்கும் அமெச்சூரும் ஒரே மேடையிலிருந்து புறப்படலாம். அணியின் உதவி, தந்திரம், கூட்டணி எதுவும் டைம் ட்ரையலில் செல்லாது.

சரி, ஜெயிச்சா என்ன கிடைக்கும்?

முதலில் ஜெர்சி. தேசியக் கொடியின் வண்ணங்கள் கொண்ட சட்டையை ஒரு வருஷம் அணியலாம். ஆனால் ஒரு நிபந்தனை: டைம் ட்ரையலில் சாம்பியன் ஆனவர் அதை டைம் ட்ரையல்களில் மட்டும்தான் அணிய முடியும். ரோடு ரேஸ் சாம்பியன் தன் ஜெர்சியை ரோடு ரேஸ்களில் மட்டும். வருஷத்தில் டைம் ட்ரையல் நாட்கள் மிகக் குறைவு. அதனால் இந்தச் சட்டை பெட்டியிலேயே இருக்கும் நாட்கள்தான் அதிகம். இருந்தும் வீரர்கள் அதற்காகப் பாடுபடுகிறார்கள்.

அடுத்து தரவரிசைப் புள்ளிகள். சைக்கிள் விளையாட்டின் உலக அமைப்பான யூசிஐ, தேசிய சாம்பியன்ஷிப்புகளுக்கும் புள்ளிகள் தருகிறது. உயர்நிலை வேர்ல்டு டூரில் அணிகளுக்கு 18 இடங்கள்தான். யார் உள்ளே, யார் வெளியே என்பதை மூன்று ஆண்டுகளின் புள்ளிக் கணக்கு முடிவு செய்கிறது. விளிம்பில் நிற்கும் அணிக்கு ஒவ்வொரு புள்ளியும் முக்கியம். அந்த அணியின் ஊழியர்களுக்கு அது அடுத்த வருஷச் சம்பளம்.

மூன்றாவது, தேர்வு. 2024 பாரிஸ் ஒலிம்பிக் டைம் ட்ரையலில் ஆண்கள் 35 பேர், பெண்கள் 35 பேர் மட்டுமே. ஒரு நாட்டுக்கு ஒன்றிரண்டு இடங்கள். யாரை அனுப்புவது என்று யோசிக்கும் தேர்வாளர்கள் முன்னால் இருக்கும் நேரடியான ஆதாரங்களில் தேசிய டைம் ட்ரையல் முடிவும் ஒன்று.

பாரிஸில் பெண்கள் தங்கத்தை வென்ற கிரேஸ் பிரவுன் இதற்கு நல்ல உதாரணம். ஓட்டப்பந்தய வீராங்கனையாக இருந்தவர், அடிக்கடி காயம் பட்டதால் 20 வயதைத் தாண்டிய பிறகுதான் சைக்கிளுக்கு வந்தார். ஆஸ்திரேலிய தேசிய டைம் ட்ரையல் பட்டத்தைப் பலமுறை வென்று படிப்படியாக மேலே ஏறினார். 2024-இல் ஒலிம்பிக் தங்கத்தை 1 நிமிடம் 31 விநாடி வித்தியாசத்தில் தட்டிச் சென்றவர், அதே ஆண்டில் உலக டைம் ட்ரையல் பட்டத்தையும் வென்றுவிட்டு ஓய்வு பெற்றார்.

9 விநாடி சொன்ன சேதி

தேசிய டைம் ட்ரையல் முடிவை உலகம் லேசாக எடுத்துக்கொண்டதற்கு ஒரு பிரபலமான கதை உண்டு. 2020 ஜூன். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு போட்டிகள் மெல்லத் தொடங்கிய நேரம். சுமார் 21 லட்சம் பேர் வாழும் குட்டி நாடான ஸ்லோவேனியா தன் தேசிய சாம்பியன்ஷிப்புகளை நடத்தியது. ரோடு ரேஸில் பிரிமோஷ் ரோக்லிச் ஜெயித்தார். அந்த ஆண்டு டூர் டி பிரான்ஸை வெல்லக்கூடியவர் என்று பலரும் கணித்தவர் அவர். ஒரு வாரம் கழித்து மலைப்பாதையில் முடியும் டைம் ட்ரையல். அதில் ரோக்லிச்சை 9 விநாடியில் முந்தினார் 21 வயது தாடேய் போகாச்சர்.

உள்ளூர்ச் செய்தியாகவே அது கடந்து போனது.

செப்டம்பர் 19. டூர் டி பிரான்ஸின் கடைசிக்கு முந்தைய நாள். 36.2 கி.மீ. டைம் ட்ரையல், முடிவில் ஒரு செங்குத்தான மலை. மஞ்சள் ஜெர்சியில் இருந்த ரோக்லிச்சுக்கு 57 விநாடி முன்னிலை. அன்று போகாச்சர் அவரைவிட 1 நிமிடம் 56 விநாடி வேகமாக ஓட்டினார். 57 விநாடி பின்தங்கியிருந்தவர் 59 விநாடி முன்னிலையோடு பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

உலகமே அதிர்ச்சி என்றது. ஆனால் அதே இருவர், அதே மாதிரியான பாதை, அதே முடிவு. மூன்று மாதங்களுக்கு முன்பே ஸ்லோவேனியாவில் ஒத்திகை நடந்துவிட்டது. தேசிய டைம் ட்ரையலை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ரகசியமாகப் பிறந்த போட்டி

இந்த விளையாட்டு வேர்விட்ட முக்கியமான இடங்களில் ஒன்று பிரிட்டன். 1890-களில் அங்கே பொதுச் சாலைகளில் கூட்டமாகச் சைக்கிள் பந்தயம் விட்டால் குதிரை வண்டிகள் மிரளும், போலீஸ் புகார் வரும் என்ற பயம். பந்தயங்களைச் சாலையிலிருந்து ஒதுக்க சைக்கிள் சங்கமே முடிவெடுத்தது. எஃப்.டி. பிட்லேக் என்பவர் மாற்று வழி கண்டுபிடித்தார். எல்லோரையும் ஒன்றாக விட்டால்தானே பந்தயம் என்று தெரியும்? ஒவ்வொருவராக விட்டால்? 1895 அக்டோபரில் 50 மைல் போட்டி அப்படித்தான் நடந்தது.

வீரர்கள் கண்ணை உறுத்தாத கறுப்பு உடையில் வந்தார்கள். போட்டி விவரங்கள் ரகசியமாகச் சுற்றுக்கு விடப்பட்டன. பாதைகளுக்கு ஊர்ப் பெயர் இல்லாமல் எழுத்தும் எண்ணும் கலந்த சங்கேதக் குறிகள். இன்றைக்கும் பிரிட்டனில் டைம் ட்ரையல் பாதைகளுக்கு அப்படிப்பட்ட குறிகள்தான். ரகசியம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை.

அங்கே தேசிய சாம்பியன்ஷிப்பும் ஒன்றல்ல. பிரிட்டிஷ் சைக்கிளிங் நடத்தும் அதிகாரபூர்வ தேசியப் பட்டம் ஒரு பக்கம். கிளப்புகளின் அமைப்பான சைக்கிளிங் டைம் ட்ரையல்ஸ், 10 மைல், 25 மைல், 50 மைல், 100 மைல், 12 மணி நேரம், 24 மணி நேரம் என்று தனித்தனியாக நடத்துவது இன்னொரு பக்கம். 12 மணி நேரப் போட்டியில் தூரம் நிர்ணயம் கிடையாது. அந்த நேரத்தில் யார் அதிக தூரம் போகிறாரோ அவர் ஜெயித்தவர்.

1967-இல் அப்படி ஒரு 12 மணி நேரப் போட்டியில் பெரில் பர்ட்டன் என்ற பெண் 277.25 மைல் ஓட்டினார். அதாவது சுமார் 446 கி.மீ. அதே நாளில் ஆண்கள் பிரிவில் மைக் மெக்நமாரா 276.52 மைல் ஓட்டி ஆண்களுக்கான புதிய சாதனை படைத்தார். அதையும் பர்ட்டன் தாண்டிவிட்டார். வழியில் அவரை முந்தும்போது பர்ட்டன் ஒரு மிட்டாயை நீட்டினார், அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார் என்பது சைக்கிள் உலகில் இன்றும் சொல்லப்படும் சம்பவம்.

யார்க்‌ஷயரில் ஒரு பண்ணையில் உடலுழைப்பு வேலை பார்த்தபடியே ஓட்டியவர் பர்ட்டன். பிரிட்டனின் ஒட்டுமொத்தச் சிறந்த டைம் ட்ரையல் வீராங்கனை பட்டத்தை 1959 முதல் 1983 வரை தொடர்ந்து 25 ஆண்டுகள் வைத்திருந்தார். அந்த 12 மணி நேரத் தூரத்தை இன்னொரு பெண் தாண்ட 2017 வரை, அதாவது 50 ஆண்டுகள் ஆனது. அவரிடம் விண்ட் டனல் இல்லை. கார்பன் சட்டகம் இல்லை. இன்றைய பர்ட்டனுக்கு அது போதுமா என்பதுதான் கேள்வி.

காற்றுதான் எதிரி

சமதளத்தில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும்போது வீரரின் உழைப்பில் சுமார் 90 சதவீதம் காற்றைத் தள்ளுவதற்கே செலவாகிறது. இன்னொரு கணக்கும் உண்டு. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 40 கி.மீ. வேகத்தில் போகிறவர் 44-க்கு ஏற வேண்டுமென்றால் வேகம் 10 சதவீதம்தான் கூடுகிறது. சக்தியோ சுமார் 33 சதவீதம் அதிகம் வேண்டும்.

காலில் அவ்வளவு பலம் கூட்ட வருஷங்கள் ஆகும். காற்றுக்குக் காட்டும் உடல் பரப்பைக் குறைப்பது சீக்கிரம் நடக்கும். அதனால்தான் முன்னோக்கி நீளும் கைப்பிடி, முழங்கைகளை ஒடுக்கித் தலையைத் தாழ்த்திய படுக்கை நிலை, பின்னால் தட்டு மாதிரி மூடிய சக்கரம், நீர்த்துளி வடிவ ஹெல்மெட், தோலோடு ஒட்டிய உடை.

இதன் பலத்தை உலகம் கண்கூடாகப் பார்த்த நாள் 1989 ஜூலை 23. டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில் 24.5 கி.மீ. டைம் ட்ரையல். 50 விநாடி பின்தங்கியிருந்த அமெரிக்கர் கிரெக் லெமாண்ட், டிரையத்லான் வீரர்கள் பயன்படுத்தும் நீட்டுக் கைப்பிடியோடும் காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட்டோடும் வந்தார். முன்னிலையில் இருந்த லோரான் ஃபீன்யோன் ஹெல்மெட் போடவில்லை. குடுமி காற்றில் பறந்தது. முடிவில் லெமாண்ட் 8 விநாடியில் டூரை வென்றார். சுமார் 3,285 கி.மீ. ஓட்டத்துக்குப் பிறகு 8 விநாடி.

அதைவிடத் தெளிவான கணக்கு கிறிஸ் போர்ட்மேனுடையது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்ற சாதனைக்காக 1996-இல் அவர் கைகளை முன்னால் முழுசாக நீட்டிய நிலையில் 56.375 கி.மீ. ஓட்டினார். இது மனிதச் சாதனையா, இயந்திரச் சாதனையா என்று சண்டை வந்தது. 1972-இல் எடி மெர்க்ஸ் பயன்படுத்தியது போன்ற எளிய சைக்கிளுக்கென யூசிஐ தனிச் சாதனைப் பட்டியலை உருவாக்கியது. 2000-இல் போர்ட்மேன் அந்த மாதிரி சைக்கிளில் ஓட்டினார். கிடைத்தது 49.441 கி.மீ. மெர்க்ஸைவிட வெறும் 10 மீட்டர் அதிகம்.

நான்கு வயது கூடியதைக் கழித்துப் பார்த்தாலும், ஒரே மனிதரிடம் கிட்டத்தட்ட 7 கி.மீ. வித்தியாசம். அதில் பெரும்பங்கு வண்டியும், அதில் உடலை வைக்கும் விதமும் தந்தது.

அப்போ காசு இருக்கிறவங்கதான் ஜெயிப்பாங்களா?

முழுக்க அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் காசு இல்லாமல் முன்வரிசைக்கு வருவது கஷ்டம்.

உயர்ரக டைம் ட்ரையல் சைக்கிள் ஒன்று, சக்கரங்களோடு சேர்த்து இந்திய மதிப்பில் 10 லட்ச ரூபாயைத் தாண்டும். ஒரு சின்னக் காரின் விலை. அதோடு விண்ட் டனல் சோதனை, உடலளவுக்குத் தைத்த உடை, பவர் மீட்டர். ரோடு ரேஸுக்கு இந்த வண்டி உதவாது. அதற்கு வேறு சைக்கிள் வேண்டும். நிறுவன அணி வீரருக்கு இதையெல்லாம் அணி தருகிறது. தேசிய சாம்பியன்ஷிப்பில் அதே மேடையில் நிற்கும் அமெச்சூருக்கு இது சொந்தச் செலவு.

யூசிஐ சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. சட்டகத்தின் வடிவத்துக்கு விதி உண்டு. கைகளை எவ்வளவு நீட்டலாம் என்பதற்கு 2023 முதல் வீரரின் உயரத்தை வைத்து மூன்று பிரிவுகள் வந்தன. அதுவரை நெட்டையானவர்கள் குட்டையானவர்களுக்கான அளவுக்குள் மடங்கி உட்கார வேண்டியிருந்தது. போட்டியில் பயன்படுத்தும் கருவி கடையில் யாரும் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் விதி உண்டு. ஆனால் விலைக்கு உச்சவரம்பு இல்லை. ‘யாரும் வாங்கலாம்’ என்பதற்கும் ‘யாராலும் வாங்க முடியும்’ என்பதற்கும் நடுவில்தான் பிரச்னையே.

பணத்தை மூளையால் ஈடுகட்டியவர்களும் உண்டு. பிரிட்டனின் டைம் ட்ரையல் வட்டாரத்தில் வளர்ந்த டான் பிகம், ஃபார்முலா 1 மெர்சிடீஸ் அணியில் காற்றியக்கம் படித்த பொறியாளர். நண்பர்கள் மூவரோடு அவர் சொந்தமாக நடத்திய சிறு அணி, 2018-இல் மின்ஸ்க் உலகக் கோப்பை டிராக் போட்டியில் தேசிய அணிகளைத் தாண்டித் தங்கம் வென்றது. 2022 ஆகஸ்ட்டில் பிகம் ஒரு மணி நேரத்தில் 55.548 கி.மீ. ஓட்டி உலக சாதனை படைத்தார்.

அந்தக் கதைக்கு அடுத்த அத்தியாயமும் உண்டு. அப்போது பிகம் வேலை பார்த்தது இனியோஸ் என்ற பெரிய அணியில். அவர் கற்றதெல்லாம் அந்த அணியின் நட்சத்திரமான இத்தாலியர் ஃபிலிப்போ கன்னாவுக்கும் போனது. இரண்டே மாதங்களில் கன்னா 56.792 கி.மீ. ஓட்டி அந்தச் சாதனையை உடைத்தார். அறிவு கதவைத் திறந்தது. பெரிய காலும் பெரிய பையும் சேர்ந்து வந்தபோது அந்தக் கதவு வழியே அவர்கள்தான் முதலில் போனார்கள்.

எல்லா வசதியும் இருந்தாலும் இயந்திரம் கைவிடும் நாளும் வரும். 19 வயதில் பிரிட்டிஷ் தேசிய டைம் ட்ரையல் சாம்பியன் ஆன ஜாஷ் டார்லிங், பாரிஸ் ஒலிம்பிக்கில் வழியில் டயர் பஞ்சராகி வண்டி மாற்ற வேண்டி வந்தது. வெண்கலத்தைச் சுமார் 2 விநாடியில் விட்டார்.

தலை குனிந்தால் வேகம், சாலை?

டைம் ட்ரையல் நிலையில் கண்கள் பெரும்பாலும் கீழே. பிரேக் கைப்பிடியிலிருந்து கைகள் விலகி, முன்னால் நீட்டிய தண்டுகளில் இருக்கும். பக்கக் காற்று அடித்தால் மூடிய சக்கரம் பாய்மரம் போல இழுக்கும். போட்டி நாளில் சாலை மூடப்பட்டிருந்தால் சமாளிக்கலாம். பயிற்சி நாளில்?

நான்கு முறை டூர் வென்ற கிறிஸ் ஃப்ரூம், 2019 ஜூனில் ஒரு டைம் ட்ரையல் பாதையை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்தபோது மூக்கைச் சிந்த ஒரு கையை எடுத்தார். காற்று தள்ளியது. சுவரில் மோதினார். தொடை, முழங்கை, விலா எலும்புகள் உடைந்தன. அதற்குப் பிறகு அவர் பழைய ஃப்ரூமாகத் திரும்பவே இல்லை. பெர்னாலின் பேருந்து விபத்தும் இதே நிலையில், திறந்த சாலையில் நடந்ததுதான்.

இருவருக்கும் அணி மருத்துவர்களும் உலகத்தரச் சிகிச்சையும் கிடைத்தன. அதே நிலையைப் பழக, லாரி ஓடும் நெடுஞ்சாலையில் தனியாக இறங்கும் அமெச்சூருக்கு அது கிடைக்குமா? தேசிய சாம்பியன்ஷிப்புக்கு வருகிறவர்களில் கணிசமானவர்கள் இந்த இரண்டாவது ரகம்தான். பிரிட்டனில் ஹெல்மெட், விளக்குகள் கட்டாயம் என்று விதிகள் இறுகியதற்குப் பின்னால் இந்தக் கவலை இருக்கிறது.

பெரிய மேடையில் சுருங்கும் இடம்

இன்னொரு பக்கம், டைம் ட்ரையலுக்கே இடம் குறைந்துகொண்டு வருகிறது. 2012 டூர் டி பிரான்ஸில் தனிநபர் டைம் ட்ரையல் மொத்தம் 101.4 கி.மீ. 2015-இல் அது 13.8 கி.மீ. ஆனது. 2025-இல் இரண்டு, சேர்த்து சுமார் 44 கி.மீ. 2026-க்கு அறிவிக்கப்பட்ட பாதையில் அணி டைம் ட்ரையலைத் தவிர, தனிநபருக்கு ஒரே ஒரு நாள், 26 கி.மீ.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். டிவியில் ஒருவர் தனியாக மிதிப்பதைப் பார்ப்பதைவிட மலையில் நாலு பேர் மோதிக்கொள்வதைப் பார்க்க விறுவிறுப்பு அதிகம். டைம் ட்ரையல் நீளமாக இருந்தால் அதில் வல்லவர் முதல் வாரத்திலேயே முன்னிலை எடுத்துவிடுவார். மற்ற நாட்கள் சப்பென்று ஆகும் என்ற வாதமும் உண்டு.

ஆனால் விறுவிறுப்பு இல்லை என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லவும் முடியாது. 2025 செப்டம்பரில் ருவாண்டாவின் கிகாலியில், ஆப்பிரிக்க மண்ணில் முதல்முறையாக உலக சாலை சாம்பியன்ஷிப் நடந்தது. டைம் ட்ரையலில் பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபூல், தனக்குச் சுமார் இரண்டரை நிமிடம் முன்னால் புறப்பட்ட போகாச்சரையே வழியில் தாண்டிப் போனார். அவருக்கு அது தொடர்ந்து மூன்றாவது உலகப் பட்டம். உலகின் தலைசிறந்த வீரரை அவர் கண் முன்னாலேயே ஒருவர் கடந்து போகும் காட்சியை வேறு எந்தப் போட்டி தரும்?

டூர் மாதிரியான பெரிய மேடை சுருங்கச் சுருங்க, தேசிய சாம்பியன்ஷிப்பின் எடை கூடுகிறது. ஒரு டைம் ட்ரையல் வீரர் தன்னை நிரூபிக்க வருஷத்தில் கிடைக்கும் சில நாட்களில் அது ஒன்று. பெரிய அணியில் இடம் இல்லாதவருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட அந்த ஒரே நாள்.

இந்தியாவில்?

இந்திய சைக்கிளிங் கூட்டமைப்பு நடத்தும் தேசிய ரோடு சாம்பியன்ஷிப்பிலும் தனிநபர் டைம் ட்ரையல் உண்டு. மாநில அணிகளோடு ராணுவத்தின் சர்வீசஸ், ரயில்வே அணிகளும் களமிறங்கும். சம்பளமும் பயிற்சி நேரமும் உறுதியாக இருக்கும் இந்தத் துறை அணிகள் வலுவாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. மற்றவர்களுக்கு இறக்குமதி சைக்கிளின் விலையோடு சுங்க வரியும் சேர்கிறது. மேலே பேசிய அதே கேள்விதான், இங்கே இன்னும் கூர்மையாக. சென்னை ஈசிஆரில் விடியற்காலையில் நீட்டுக் கைப்பிடியோடு பறக்கும் ஐடி ஊழியர்களுக்கு, சாலைப் பாதுகாப்பு என்ற இரண்டாவது கேள்வியும் அந்நியமானதல்ல.

என்ன செய்யலாம்?

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. விடைகள் ஏற்கெனவே சில இடங்களில் நடைமுறையில் இருக்கின்றன.

ஒன்று, சாதாரண ரோடு சைக்கிளுக்குத் தனிப் பிரிவு. பிரிட்டனின் கிளப் அமைப்பு இதை அனுமதித்திருக்கிறது. அமெரிக்காவில் பல உள்ளூர்ப் போட்டிகளில் நீட்டுக் கைப்பிடியும் மூடிய சக்கரமும் இல்லாமல் ஓட்டும் ‘மெர்க்ஸ்’ பிரிவு உண்டு. கையில் இருக்கும் ஒரே சைக்கிளோடு வரும் 17 வயதுப் பெண்ணின் கால் பலம் என்ன என்று அங்கே தெரிந்துவிடும்.

இரண்டு, பாதைத் தேர்வு. சமதள நெடுஞ்சாலையில் காற்றியக்கக் கருவிதான் ராஜா. ஏற்றம் சேர்ந்தால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் காற்றின் பங்கும், அதை வெல்ல வாங்கிய கருவியின் பங்கும் குறையும். ஸ்லோவேனியாவின் மலைப்பாதை 21 வயது இளைஞரை அடையாளம் காட்டியது சும்மா இல்லை.

மூன்று, மூடிய பாதை. போட்டிக்கு மட்டும் இல்லாமல் பயிற்சிக்கும். ஒரு தேசிய அமைப்பு தன் வீரர்களை வேகமாக ஓட்டச் சொல்லிவிட்டு, அதைப் பழக லாரிகளுக்கு நடுவே அனுப்புவது நியாயம் இல்லை.

இவை எதுவும் டைம் ட்ரையலின் அடிப்படையை மாற்றாது. கடிகாரம் அப்படியேதான் ஓடும். கருவியால் வரும் விநாடிகள் குறைந்து, காலால் வரும் விநாடிகள் கூடும். ‘உண்மையின் ஓட்டம்’ என்ற பட்டப்பெயருக்கு அந்த அளவு நியாயமாவது செய்ய வேண்டும்.

அடுத்த ஜூன் கடைசி வாரத்தில், டூர் தொடங்கும் பரபரப்புக்கு நடுவே, ஏதோ ஒரு நாட்டின் தேசிய டைம் ட்ரையல் முடிவு நாலு வரிச் செய்தியாக உங்கள் மொபைலில் வரும். ஸ்க்ரோல் செய்து தாண்டுவதற்கு முன் முதல் மூன்று பெயர்களையும் நடுவில் இருக்கும் விநாடிக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள். 2020-இல் அப்படிப் பார்த்தவர்களுக்கு, செப்டம்பரில் உலகம் அதிர்ந்தபோது அவ்வளவாக அதிர்ச்சி இருந்திருக்காது.